மூக்குக்குத் தொப்பி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நாங்கள் மூக்குக்குத் தொப்பி மாட்டுவோம். தலை நனையாமல் குளிப்பதற்கு ஓட்டல்களில் கொடுப்பார்களே, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் தொப்பி, அதுதான். சோப்புப் பெட்டி அளவுள்ள மூக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. தொப்பி மாட்டியபிறகுதான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

மூக்கு என்பது ஹால் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு கருவி. கம்பெனி வைத்த பெயர் வேறு. யாரும் அதைச் சொல்வதில்லை. காற்றில் எது கலந்தாலும் அதற்குப் பெயர் சொல்லும். ஊதுபத்தி கொளுத்தினால் என்ன மரம், என்ன பசை என்று சொல்லும். பெயர் சொல்வதோடு நிற்காது. காற்றுக் குழாயை மூடும், திறக்கும், குடியிருப்புச் செயலாளரின் போனுக்குத் தகவல் அனுப்பும்.

முதலில் அது பறவை வளர்ப்பவர்களுக்காகத்தான் வந்தது. சென்னையில் புகைக்காலம் நீண்டுகொண்டே போய் வருடத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அந்த மாதங்களில் ஜன்னல்களைப் பூட்டிச் சாவியைச் சங்கத்தில் வைத்துக்கொள்வார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே குழாயில்தான் காற்று. ஒரு வீட்டில் உறிஞ்சிய காற்றைச் சுத்தம் செய்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். மனிதனுக்கு அந்தச் சுத்தம் போதும். பறவைக்குப் போதவில்லை. யார் வீட்டிலோ கொசுவுக்கு எதையோ அடித்தால் வேறு யார் வீட்டிலோ லவ் பேர்ட்ஸ் கூண்டோடு விழுந்தன. பறவைகளைக் காப்பாற்ற ஒரு கருவி வந்தது. அது வேலை செய்தது. பிறகு சங்கங்கள் அதற்கு வேறு வேலை கண்டுபிடித்தன.

வீடு கேட்டுப் போன அன்று செயலாளர் குற்றாலிங்கம்தான் எங்களை விசாரித்தார். நெற்றியில் திருநீறு, கையில் போன், கண்ணாடி எங்கே என்று தெரியாத தேடல்.

"தூத்துக்குடியா? அப்ப நம்ம பக்கந்தான். எனக்குத் தென்காசி. பேரு?"

"ரோமால்ட் சார். இது எங்க அக்கா, கித்தேரி."

'நம்ம பக்கம்' அவர் முகத்தில் கொஞ்சம் சுருங்கியது. "சாப்பாடெல்லாம்..."

"சுத்த சைவம்" என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

"வேதக்காரங்கள்ல சைவம் உண்டா?"

"அலர்ஜி சார். மீனு ஒத்துக்காது."

"ரெண்டு பேருக்குமா?"

"குடும்பத்துக்கே."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அக்கா கையிலிருந்த கூண்டைக் காட்டி, "இது என்ன பறவை?" என்றார்.

"காக்கட்டீல். பேரு துரை."

துரை சாம்பல் நிறம். கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. தலையில் ஒரு கொண்டை, கோபம் வந்தால் நிமிரும். அன்று நிமிர்த்திக்கொண்டு அவரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது.

"பறவை இருந்தா மூக்கு கட்டாயம்" என்றார் குற்றாலிங்கம். அவருக்குப் பிடித்த விஷயம் வந்துவிட்டது. "மனுசன் மூச்ச இழுத்து விடும்போது பழைய காத்து கொஞ்சம் உள்ளயே தங்கிரும். பறவைக்கு அப்படி இல்ல. உடம்பு பூரா காத்துப் பை. இழுக்கும்போதும் புதுக்காத்து, விடும்போதும் புதுக்காத்து. விசம்னாலும் ஒரு பொட்டு மிச்சம் வைக்காம இழுத்துக்கும். அதனால உங்க வீட்டு மூக்க பறவை அளவுக்கு வெச்சிருவோம். ஆபத்துன்னா பொதுக் குழாய அடச்சுட்டு வெளிக்காத்த வடிகட்டித் தரும். எங்க வீட்டு மூக்கெல்லாம் மனுச அளவுக்குத்தான்."

"ரொம்ப நல்லது சார்" என்றாள் அக்கா. அவள் உண்மையாகவே சொன்னாள்.

"கூட ஒரு வசதியும் இருக்கு. யாரு வீட்ல என்ன வேகுதுன்னு என் போன்ல வந்துரும். ஒளிவுமறைவே கிடையாது. சண்டை சச்சரவு இல்ல பாத்தியளா?"

சண்டை சச்சரவு இல்லைதான். அதற்கு முன்பே ஆளைக் காலி செய்துவிடுவார்கள். எதிர் பிளாக்கில் முட்டை அவித்த இரண்டு பையன்கள் மாதம் முடிவதற்குள் போனார்கள். பக்கத்தில் ஒரு டீச்சரம்மா கழிவறையில் ஒளித்துப் பிடித்த சிகரெட், பிராண்ட் பெயரோடு குடியிருப்புக் குழுவில் வந்தது. அவர் இப்போது லிஃப்டில் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்பெல்லாம் வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைச் சுளிப்பான், நாம் இல்லவே இல்லை என்று சாதிக்கலாம். மூக்கிடம் சாதிக்க முடியாது.

அக்காவுக்கு இதெல்லாம் தெரிந்தும் மூக்கு வேண்டும் என்றாள். காரணம் இருந்தது. துரைக்கு முன்பு ஒரு ஜோடி உண்டு. அக்காவின் புருஷன் ஏசி போட்டு, கதவை அடைத்துக்கொண்டு, ஒரு பீரோவுக்கு வார்னிஷ் அடித்தான். பெட்டைப் பறவை அக்காவின் உள்ளங்கையில் செத்தது. துரை வேறு அறையில் இருந்ததால் பிழைத்தது. "ஒரு பறவைதானே, வேற வாங்கிக்கலாம்" என்று அவன் சொன்னான். அக்கா கூண்டையும் ஒரு சூட்கேசையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு வக்கீல், கையெழுத்து, எல்லாம் வழக்கம்போல. அந்தக் கல்யாணத்திலிருந்து அவளிடம் மிஞ்சியது ஒரு கூண்டுக் கத்தல்.

எனக்குப் பறவைகளைப் பிடிக்காது. துரை விடிந்ததும் கத்தும், விசில் அடிக்கும், என் சட்டைப் பட்டனைக் கடித்துத் துப்பும். நான் சுரங்க ரயில் கட்டுப்பாட்டு அறையில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். அக்கா ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சம்பாதித்தாள். பகல் முழுக்க நானும் துரையும்தான். ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டோம்.

கருவாடு என் யோசனை. தொப்பியும் என் யோசனை. அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"தொப்பி போட்டா துரைக்கு யாரு காவல்?"

"அரை மணி நேரந்தான். கருவாட்டுப் புகைல எந்தப் பறவ செத்துருக்கு? கடக்கரைல காக்கா சாவுதா?"

"காக்காவும் துரையும் ஒண்ணால?"

ஆனால் அவளும் எங்கள் ஊர்க்காரிதான். துரையின் கூண்டை அவள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டு திணித்துவிட்டு, "சீக்கிரம் வறுத்துத் தொலை" என்று சொன்னாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒழுங்குக்கு வந்தது. அவள் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வருவாள். தொப்பி. கருவாடு. சோறு. பிறகு எலுமிச்சம்பழத் தோலால் சட்டியைத் தேய்த்துக் கழுவி, தொப்பியை எடுப்போம். மூக்கு ஒன்றும் சொல்லாது. சாதித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

சம்பவம் நடந்த ஞாயிறு வெளியே சிவப்பு எச்சரிக்கை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதிர் பிளாக்கே தெரியவில்லை. சாளைக் கருவாடு. இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்து, சின்ன வெங்காயம் சிவந்து, வாசனை வீட்டை நிறைத்தது. அக்கா கோயில் சேலையோடு அடுப்படி வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"கருக விடாத. தீயக் குற."

"நீ வறுக்கியா நான் வறுக்கட்டா?"

"நீ வறுத்தா கரி. நான் வறுத்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஏல, துரை சத்தத்தக் காணல."

"நிம்மதியா இருக்கு. விடு."

"இல்லல. கோயில்லருந்து வந்தா கத்துவான். நான் வந்ததுலருந்து ஒரு சத்தம் இல்ல."

அவள் அறைக் கதவைத் திறந்தாள். அவள் கூப்பிட்ட குரலில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

துரை கம்பியில் இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடித்தது, பம்பு அடிப்பதுபோல. கண் பாதி மூடியிருந்தது.

"இதே மாதிரிதாம்ல இருந்துச்சு" என்றாள் அக்கா. "அவளும் இதே மாதிரிதான்."

நான் பறவை டாக்டர் ஃபரீதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த அம்மா வணக்கத்துக்கெல்லாம் நேரம் ஒதுக்குகிறவர் இல்லை.

"வீட்ல என்ன புகை?"

நான் அக்காவைப் பார்த்தேன். "கருவாடு வறுத்தோம் டாக்டர்."

"எந்தப் பாத்திரத்துல?"

"இரும்புச் சட்டி."

"அதுல இப்படி ஆகாது. நான்ஸ்டிக் எதாவது அடுப்புல இருக்கா? இஸ்திரிப் பெட்டி? ஸ்ப்ரே?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வேற எங்கிருந்தோ வருது. உங்க மூக்கு என்ன சொல்லுது?"

அக்கா ஹால் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஹலோ? மூக்கு இருக்குல்ல?"

"மூடி வெச்சிருக்கோம் டாக்டர்."

மறுமுனையில் அவர் எதையோ சொல்ல வந்து விழுங்கியது கேட்டது. "திறங்க. இப்பவே. வெளியே தூக்கிட்டு ஓடாதீங்க, இன்னைக்கு வெளிக்காத்து அதைவிட மோசம். மூக்கு குழாயை அடைச்சாத்தான் உங்களுக்கு நல்ல காத்து. இது நிமிஷக் கணக்கு, புரியுதா?"

ஹாலுக்கு வந்தோம். கூண்டு அக்கா கையில். தொப்பி மூக்கின்மேல் உப்பிக்கொண்டு இருந்தது. வீடு முழுக்கச் சாளைக் கருவாடு. தொப்பியை எடுத்த நொடியில் அது குற்றாலிங்கத்தின் போனில் போய் நிற்கும். இந்த வீட்டுக்கு முன்னால் நாங்கள் ஏறி இறங்கிய வாசல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பெயரைக் கேட்டதும் 'இப்பதான் முடிஞ்சுது' என்று சொன்ன வாசல்கள்.

"ஒரு நிமிஷம்க்கா" என்றேன். "சட்டியக் கவர்ல போட்டுக் கட்டிருதேன். கொஞ்சம் வாசனை அடங்கட்டும். இல்லன்னா வீடு போயிரும். பறவைன்னா..."

மிச்சத்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். 'வேற வாங்கிக்கலாம்' என்று சொன்ன புருஷனை அவள் கடைசியாகப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும். கூண்டை என் நெஞ்சில் இடித்து என்னிடம் கொடுத்தாள். எட்டித் தொப்பியைப் பிய்த்தாள்.

மூக்கு விழித்தது. செய்தி வாசிக்கும் குரல் அதற்கு.

"நான்ஸ்டிக் பூச்சு கருகும் புகை. பறவைகளுக்கு உயிராபத்து. வரும் வழி பொதுக் குழாய், மேல் தளம். குழாய் அடைக்கப்படுகிறது. வடிகட்டிய வெளிக்காற்று திறக்கப்படுகிறது."

சுவருக்குள் எதுவோ டப்பென்று மூடிக்கொண்டது. மேலே இருந்த துளையிலிருந்து புதுக்காற்று இறங்கியது. அக்கா கூண்டை வாங்கி நேராக அதன் கீழே பிடித்தாள். நான் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடுத்த வரியைச் சொல்லப்போகிறது. எங்களுக்கான வரி.

"மணத்தக்காளி வத்தல் வறுக்கும் மணம்" என்றது மூக்கு. "பாதிப்பில்லை."

அக்கா மெல்லத் திரும்பினாள். "என்னல சொல்லுது இது?"

"வத்தல்ங்குது."

"என்ன வத்தல்?"

"மணத்தக்காளி."

மூக்கு தவறு செய்து நான் பார்த்ததில்லை. சந்தேகப்பட நேரமும் இல்லை. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் குற்றாலிங்கம், போனைக் கண்ணுக்கு வெகு தூரத்தில் பிடித்துக்கொண்டு.

"பறவைக்கு உயிராபத்துன்னு வந்துருக்கே! என்னாச்சு?"

அவர் உள்ளே வந்தார். எங்கள் ஹாலில், சாளைக் கருவாட்டு வாசனைக்கு நடுவில், நின்றார். மூச்சை நன்றாக இழுத்தார். நான் ஓர் இடத்தில் நின்றபடியே மனதுக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

"மணத்தக்காளி வத்தல்" என்றார், போனைப் பார்த்து. மறுபடியும் இழுத்தார். "ஆகா. எங்க அம்மா வறுக்குத மாதிரியே இருக்கு. வாராவாரம் வறுக்கிய, ஒரு நாளாவது ஒரு கிண்ணம் குடுத்துருக்கியளா?"

வாராவாரம். அந்தச் சொல் எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அப்போது போன் ஸ்பீக்கரிலிருந்து டாக்டர், "குழாய் அடைச்சாச்சா? அந்தக் கரு..." என்று ஆரம்பிக்க, அக்கா பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ஆமா டாக்டர். சரி டாக்டர். ஆக்ஸிஜன் எங்கிட்ட இல்ல டாக்டர்."

"மேல் தளம்னா எங்க வீடுதான்" என்று குற்றாலிங்கம் போனைப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூக்கு சொன்னால் தன் வீட்டையும் விடமாட்டார். வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏ சிவகாமி! என்னத்த எரிச்ச? இங்க பறவ சாகக் கெடக்கு!"

அவர் மனைவி சிவகாமி கையில் ஒரு தோசைக்கல்லோடு இறங்கி வந்தார். கையில் பிடிதுணி. கல்லிலிருந்து இன்னும் மெல்லிய புகை. கறுப்புப் பூச்சு நடுவில் சாம்பலாகி உரிந்திருந்தது.

"நான் ஒண்ணும் எரிக்கலயே. பெங்களூர்லருந்து மக புதுக்கல்லு அனுப்பிருக்கா. பழக்கிட்டிருந்தேன்."

"பழக்குததுன்னா?" என்றேன்.

"புதுக் கல்லுன்னா பழக்கணும்லா? வெறுங்கல்லா நல்லாக் காயவெச்சு, எண்ணெய் தடவி, வெங்காயத்த வெட்டித் தேச்சு, திரும்பக் காயவெச்சு. காலைலருந்து அதான் செய்யுதேன். கல்லு பழகவே மாட்டேங்குது. எனக்கே நெஞ்ச அடைக்கு, பித்தம்னு நெனச்சேன்."

"அது இரும்பு இல்லம்மா. நான்ஸ்டிக். வெறும் கல்லாக் காயவெச்சா அந்தப் பூச்சுதான் விஷம்."

"கல்லு கல்லுதானேய்யா" என்றார். பிறகு கூண்டைப் பார்த்தார். துரையின் வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. தோசைக்கல்லை வாசலுக்கு வெளியே வைத்தார். "ஐயோ, நானா?"

"டாக்டர் ஆக்ஸிஜன் குடுக்கச் சொல்லுதாங்க" என்றாள் அக்கா. "அஞ்சு நிமிசத்துல கெடச்சா நல்லதுங்காங்க."

"எங்க வீட்ல மிஷின் இருக்கு" என்றார் சிவகாமி.

"அது எனக்குல்லா?" என்றார் குற்றாலிங்கம். புகைக்காலத்தில் இரவு மூச்சிரைப்புக்காக அவர் வைத்திருப்பது.

"நீங்க இப்ப மூச்சு வாங்குதியளா? நின்னு பேசிட்டுத்தான இருக்கிய? தூக்கிட்டு வாங்க."

தூக்கிக்கொண்டு வந்தார். நான் அரிசி டப்பாவைத் தரையில் கவிழ்த்துக் காலி செய்தேன். டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா துரையைத் துண்டில் பொதிந்து டப்பாவுக்குள் வைத்தாள். மூடியில் நான் கத்தியைக் காயவைத்துத் துளை போட்டேன். ஒரு துளையில் குழாயைச் சொருகினோம். மேலே சேலை மடித்துப் போட்டு இருட்டாக்கினோம். மிஷின் உறுமியது.

பிறகு காத்திருப்பதுதான். டப்பாவைச் சுற்றி நால்வரும் தரையில், சிதறிய அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். யாரோ செத்த வீடு மாதிரி இருந்தது. குற்றாலிங்கத்துக்கு மட்டும் மனம் அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காத. அந்த வத்தல் ரெண்டு குடேன். வாசனையே இழுக்கு."

அக்கா டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அவள் காது சிவந்தது.

"உங்களுக்குப் பிரசர்" என்றார் சிவகாமி, தலையைத் திருப்பாமல். "வத்தல்ல பூரா உப்பு. பறவ கெடக்குத கெடப்புல தீனி கேக்குது இவியளுக்கு."

அவர் அடங்கினார். கொஞ்ச நேரத்தில் கூச்சமாகி, "பொதுக் குழாய்ல இருக்க புகைய வெளியேத்தச் சொல்லிருதேன், மத்த வீட்லயும் பறவ இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே காவலாளியிடம் போனார். நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். சிவகாமி பின்னால் வந்தார். சட்டியின் மேல் நான் கவிழ்த்திருந்த தட்டை ஒரு விரலால் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"நெத்திலியா, சாளையா?"

பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "சாளை."

"நெனச்சேன்." தட்டை மூடினார். "நீங்க வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழம காலைல, இவிய தூங்கிட்டிருந்தாவ. போன்ல மூக்கு கேக்குது: கீழ்வீட்ல ஒரு வாசனை வருது, எனக்கு இது பழக்கமில்ல, இதுக்கு என்ன பேருன்னு. இந்தக் கட்டடத்துல அது அந்த வாசனையே பாத்ததில்லயாம். கண்ணாடி இல்லாம இவியளால படிக்க முடியாது, இதுக்கெல்லாம் நாந்தான் பதில் போடுதது. மணத்தக்காளி வத்தல்னு போட்டேன். அதுவும் சரின்னு படிச்சுக்கிடுச்சு."

"ஆனா நாங்க மூக்குக்குத் தொப்பி போட்டோமே."

"உங்க வீட்டு மூக்குக்குப் போட்டிய. பொதுக் குழாய்க்குள்ள ஒண்ணு இருக்குல்லா, மனுச அளவுக்கு? அதுக்கு யாரு போடுவா?"

அப்படியென்றால் தொப்பி எங்களை ஒரு நாளும் மறைக்கவில்லை. துரையிடமிருந்து காவலை மட்டும் எடுத்திருந்தது. வாராவாரம், நான் என் கையாலேயே. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தேன்.

"ஏன் அப்படிப் போட்டிய?" என்றேன் பிறகு.

"கருவாடுன்னு போட்டா நீங்க காலி பண்ணணும். அப்புறம் வேற ஆளு தேடணும். வாரவன் போறவன்கிட்டல்லாம் இவிய அந்தக் கேள்விய கேக்கும்போது நான் உள்ள நின்னு காப்பி ஆத்தணும். நீ என்ன ஆளு, உங்க அப்பா என்ன ஆளு, எப்ப குளிப்ப. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சுய்யா."

"கருவாட்டு வாசனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி உப்பளத்து ஆபீஸ்ல ரெண்டு வருசம் வேல பாத்தேன். கூட வேல பாத்த பிள்ளைக டப்பாவுல கொண்டுவரும்."

"சாப்பிட்டியளா?"

"தண்ணி எடுக்க வந்தீங்கன்னா தண்ணிய எடுங்க" என்றார் சிவகாமி.

ஹாலில் அக்கா "ஏல!" என்றாள்.

ஓடினோம். டப்பாவுக்குள் துணி அசைந்தது. அக்கா சேலையை விலக்கினாள். துரை எழுந்து நின்றிருந்தது. கால் நடுங்கியது, அலகு மூடியிருந்தது. வால் அடிப்பது நின்றிருந்தது. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. கொண்டை பாதி வரை எழுந்தது. என்னைப் பார்த்து, பலமில்லாமல், கரகரவென்று ஒரு கத்துக் கத்தியது. பிறகு நாங்கள் அத்தனை பேரும் பார்க்க டப்பாவிலேயே எச்சம் போட்டது.

அக்கா அழவில்லை. தரையில் கிடந்த அரிசியை இரண்டு கையாலும் வாரிக்கொண்டே சிரித்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வாரினாள், மறுபடி கொட்டினாள், மறுபடி வாரினாள். சிவகாமி சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினார். படியேறி வந்த குற்றாலிங்கம் வாசலிலேயே நின்று கத்தலைக் கேட்டுவிட்டு, "பொழச்சுக்கிட்டாரா துரை?" என்றார். உள்ளே வந்து டப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மோசமான ஆள் இல்லை அவர். மோசமான ஆளாக இருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

டாக்டர் மறுநாள் பார்த்தார். நுரையீரலில் கொஞ்சம் சேதம், பழையபடி நாள் முழுக்கக் கத்தாது, ஆனால் வாழும் என்றார். நாள் முழுக்கக் கத்தாது என்றபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. "வறுக்கலயா?" என்றாள். மூக்குக்கு எதையும் மாட்டாமல் வறுத்தோம். வத்தல் என்று சொன்னது. பாதிப்பில்லை என்றது. துரை ஹாலிலேயே இருந்தது.

புகைக்காலம் முடிந்து ஜன்னல் சாவிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எல்லா பிளாக்குக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் கூட்டம் நடக்கும். அந்த வருடமும் நடந்தது. குற்றாலிங்கம் மைக் பிடித்தார். தண்ணீர், லிஃப்ட், குப்பை எல்லாம் பேசி முடித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"கடைசியா ஒரு சந்தோசமான சமாச்சாரம். நகரத்து அடுக்குமாடிச் சங்கமெல்லாம் சேர்ந்து நேத்துக் கூடுனோம். அங்க ஒருத்தர் சொன்னாரு, இந்த மூக்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பாடம் சொல்லிக் குடுக்குமாம். ஒரு மூக்கு எங்கயாவது ஒண்ணப் படிச்சா, ஊர்ல இருக்க அத்தன மூக்குக்கும் அது தெரிஞ்சிருமாம்."

என் பக்கத்தில் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் சிவகாமி. சிவகாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன வருசம் இந்த ஊர்ல மணத்தக்காளி வத்தல் வறுக்குத வீட்ட விரல் விட்டு எண்ணிரலாமாம். இந்த வருசம், ஞாயித்துக்கிழமைன்னா, அண்ணாநகர்லருந்து தாம்பரம் வரைக்கும் சைவக் குடியிருப்பு பூரா வத்தல்தானாம்! முட்ட, மீனுன்னு வாரத்துக்கு ரெண்டு புகார் வருமே, அதெல்லாம் பாதிக்குப் பாதி கொறஞ்சுபோச்சாம். நம்ம திருநெல்வேலிச் சீமைச் சாப்பாட்டோட மகிமையப் பாத்தியளா?"

"எனக்கு இது தெரியாது" என்று சிவகாமி உதடு அசையாமல் அக்காவிடம் சொன்னார். "நான் ஒரு வீட்டுக்குத்தான் போட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு அந்த டீச்சரம்மா தட்டினார். பிறகு மூன்றாவது மாடி ஆடிட்டர், அவர் மனைவி, கடைசி வரிசையில் நின்றிருந்த இளவட்டங்கள், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண். சாதாரணமாக இந்தக் கூட்டங்களில் யாரும் எதற்கும் கை தட்டுவதில்லை. அன்று மண்டபம் முழுக்கத் தட்டியது, ஒரு வத்தலுக்குத் தேவையானதைவிட ரொம்பப் பலமாக.